எட்டாவது அட்டை

1

இந்தக் கதை ஓர் அட்டையிலிருந்து பிறந்தது. உள்ளங்கை அகலம், வெள்ளை நிறம், மேலே நூல் கோக்க ஒரு துளை. அதில் இரண்டு வரிகள் எழுதினால் போதும். 'காரணம்' என்று ஒரு வரி, 'ஆள்' என்று ஒரு வரி. அந்த இரண்டு வரிகளை ஐந்து வாரங்களாக எழுத முடியாததால்தான் இத்தனை பக்கங்கள் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஏழு அட்டைகள் ஏற்கெனவே எழுதப்பட்டு, வேலை மேசைக்கு மேலே ஒரே ஆணியில் தொங்குகின்றன. ஒவ்வொன்றும் ஒரு விமானம் விழுந்த கதை. ரிமோட்டில் ஓடும் விமானங்கள்தான்; பால்சா மரக்குச்சிகளை ஒட்டிச் செய்து, மேலே பிளாஸ்டிக் தாள் போர்த்தியவை. விழுந்த துண்டுகளை மேசையில் வரிசையாகப் பரப்பி, ஏன் விழுந்தது, யாரால் விழுந்தது என்று அட்டையில் எழுதும்வரை பசைக் குப்பியின் மூடியைத் திறக்கக் கூடாது. இது இந்த வீட்டுச் சட்டம். சட்டம் போட்டவர் பதினோரு மாதங்களுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தன் கடையில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே இறந்துபோனார்.

கதையில் வருபவளை 'அவள்' என்றே எழுதப்போகிறேன். அவள் நான்தான், அதில் மறைக்க ஒன்றுமில்லை. 'நான்' என்று தொடங்கினால் இரண்டாவது வரியிலேயே எனக்குச் சாதகமாகச் சாட்சி சொல்ல ஆரம்பித்துவிடுகிறேன். 'அவள்' என்றால் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்க முடிகிறது.

2

முதல் தொடக்கம்:

'அன்று காலை காற்று பலமாக வீசியது.'

இல்லை. அன்று காற்றே இல்லை. மைதானத்துக் கம்பத்தில் கட்டியிருந்த துணி, குளித்து முடித்தவன் துண்டு மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது. இந்த வரியை அடித்துவிட்டேன். (அடித்தேனே தவிர அழிக்கவில்லை. பிழை எங்கே இருந்தது என்பது தெரிந்தாக வேண்டும் என்பது அச்சகத்தில் படிந்த பழக்கம்.)

இரண்டாம் தொடக்கம்:

'இறந்துபோன கணவர் ஒட்டிய ஓர் இணைப்பு, விமானம் தரையைவிட்டு எழும்பிய நான்காவது வினாடியில் விட்டுப்போனது.'

நல்ல வாக்கியம். சோகம் இருக்கிறது, கணக்கு இருக்கிறது, வாசகர் அடுத்த வரிக்குப் போவார். அவள் இந்த வாக்கியத்தை எழுதுவதற்கு முன்பே ஒருவரிடம் வாயால் சொல்லிவிட்டாள். அவரும் நம்பிவிட்டார். அதுதான் இப்போதைய சிக்கல்.

மூன்றாம் தொடக்கம் இன்னும் கிடைக்கவில்லை. தொடங்காமலே உள்ளே போய்விடுகிறேன்.

3

அவள் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவள். கதைப் புத்தகங்கள் அல்ல. மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைக்கும் தாள்கள். புள்ளி ஒன்று இடம் மாறினால் யாரோ ஒருவர் பத்து மடங்கு மருந்தை விழுங்கிவிடுவார். அதனால் அங்கே இருவராகத்தான் வேலை. ஒருவர் மூலத்தை உரக்க வாசிப்பார்; மற்றவர் அச்சான தாளைப் பார்ப்பார். வாசிப்பவர் பார்க்கக் கூடாது, பார்ப்பவர் வாசிக்கக் கூடாது. இரண்டையும் ஒருவரே செய்தால் கண் தாளில் இருப்பதைப் பார்க்காது. இருக்க வேண்டியதைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். இருபத்திரண்டு வருடங்களாக இதை அவள்தான் புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். இதையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அவளுக்கு எதிராகப் பின்னால் தேவைப்படும்.

கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்ப்பவர். விமானங்களைச் செய்தவர் அவர். ஓட்டியது அவள். பலர் இதைத் தலைகீழாக நினைத்துக்கொள்வார்கள். தொடக்கத்தில் ஓட்டியவரும் அவர்தான். முதல் மூன்று அட்டைகளே சாட்சி.

ஒன்று: 'காரணம், மரம். ஆள், மரம் நகரவில்லை, ஆகவே நான்.'

இரண்டு: 'காரணம், பேட்டரிக்குச் சார்ஜ் போடாதது. ஆள், நான்.'

மூன்று: 'காரணம், என்னை நோக்கி வரும்போது இடது எது, வலது எது. ஆள், நானேதான்.'

விமானம் நம்மைவிட்டு விலகிப் போகும்போது அதன் வலது நம் வலது. திரும்பி நம்மை நோக்கி வந்தால் அது இடம் மாறிவிடும். சிலருக்கு இது விரலில் வரும், சிலருக்குக் கடைசிவரை வராது. 'ஊருக்கே கண்ணாடி போட்டு விடுறாரு, அவருக்குத்தான் எடது வலது தெரியல' என்று அவருடைய தம்பி வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். மூன்றாவது அட்டையை மாட்டிய அன்று அவர் ரிமோட்டை அவள் கையில் வைத்தார்.

"இந்தா, இனிமே நீயே ஓட்டு. நானே செஞ்சு, நானே ஓட்டி, நானே ஒட்டிக்கிட்டிருந்தா, கடையை யாரு பாக்கறது?"

அதற்குப் பிறகு பதினோரு வருடங்களில் நான்கு அட்டைகள்தான்.*

கிளம்புவதற்கு முன் ஒரு சோதனை உண்டு. அவர் விமானத்துக்குப் பின்னால் முட்டி போட்டு உட்கார்ந்து வாலைப் பிடித்துக்கொள்வார். அவள் ரிமோட்டுடன் நான்கு அடி தள்ளி, கம்பத்துத் துணியில் காற்றைப் பார்த்தபடி நிற்பாள். இறக்கைகளின் பின்விளிம்பில் பக்கத்துக்கு ஒன்றாக, கீல் வைத்த பட்டை ஒன்று மேலும் கீழும் அசையும். அவர்கள் வீட்டில் அதற்குப் பெயர் காது. ரிமோட்டின் குச்சியை வலப்பக்கம் தள்ளினால் வலது காது மேலே எழ வேண்டும். எழுந்தால் விமானம் வலப்பக்கம் சாயும். கீழே இறங்கினால் இடப்பக்கம் சாயும்.

"வலது" என்பாள்.

"சரி" என்பார்.

"இடது."

"சரி."

வாலுக்கும் இதே மாதிரி, மேலே, கீழே. அவருடைய 'சரி' உடனே வராது. அரை மூச்சு தாமதித்து, கொஞ்சம் இழுத்து வரும். அந்த அரை மூச்சில்தான் அவர் பார்ப்பார். அவள் காதுகளை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. பார்ப்பது அவர் வேலை.

*ஆறாவது அட்டையில் 'காரணம், பேச்சு' என்று இருக்கும். பறக்கும்போது அவர்தான் பேச்சுக் கொடுத்தார். ஆனால் 'ஆள்' என்ற இடத்தில் இருவர் பெயரும் இருக்கிறது. பதில் சொன்னது அவள் தவறாம்.

4

இனி அந்தக் காலை. இதைச் சீக்கிரம் சொல்லி முடிக்கப் பார்ப்பேன், விடாதீர்கள்.

பத்து மாதமாக அலமாரி மேல் கிடந்த பெரிய விமானத்தை இறக்கினாள். அதற்குப் 'பெரியவள்' என்று பெயர். இரு கைகளையும் விரித்தால்தான் இறக்கையின் இரு நுனிகளும் பிடிபடும். விரல்கள் மறந்திருக்குமோ என்ற பயத்தில் முந்தின நாள் மாலை 'குட்டி'யை, அதாவது பழகுவதற்கென்று வைத்திருக்கும் சின்ன தெர்மோகோல் விமானத்தை, அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தாள். விரல்கள் மறக்கவில்லை.

துணைக்குக் கொழுந்தன் வந்தார். தையல்காரர். விமானத்துக்கும் அவருக்கும் உறவு இஸ்திரிப் பெட்டி வழியாக. பெரியவள்மேல் போர்த்திய தாள் சூடு பட்டால் சுருங்கி இறுகும். அந்த வேலையை அவரைத் தவிர யாரிடமும் அண்ணன் கொடுத்ததில்லை. தைக்க வருகிறவர்களிடம் அவர் சொல்லும் ஒரே பெருமையும் அதுதான்: "எங்கண்ணன் கை இருக்கே, அது கையே இல்ல. அவரு ஒட்டுனத நான் தேய்ச்சேன். சட்டை பறந்து பாத்திருக்கீங்களா? நான் தேய்ச்சது பறக்கும்."

மைதானத்தில் அவர் தன் போனைக் கருவிப்பெட்டிமேல் சாய்த்து வைத்து வீடியோவை ஓடவிட்டார்.

"எதுக்கு தம்பி அது?"

"அண்ணன் இல்லாம மொத தடவ. இருக்கட்டும், ஒரு ஞாபகத்துக்கு. நான் என்ன செய்யணும், அண்ணி?"

"வாலைப் பிடிச்சுக்கங்க. நான் சொன்னதும் விடுங்க. அவ்வளவுதான்."

"அண்ணன் ஏதோ சொல்லிக்கிட்டே இருப்பாரே?"

"அதை நான் பாத்துக்கறேன்."

வழக்கமான சோதனை முடிந்தது.

(இந்த நான்கு சொற்கள் உள்ள வரியை — எண்ணிப் பார்த்தால் மூன்றுதான் — ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணுவதில்கூடப் பதற்றம் வருகிறது, பாருங்கள்.)

கொழுந்தன் வாலை விட்டார்; போனை எடுக்க இடப்பக்கமாகக் கருவிப்பெட்டியை நோக்கி நடந்தார். பெரியவள் ஓடியது, எழும்பியது. எழும்பும்போதே கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்தது. பெரிய சாய்வில்லை. அவள் வலது கொடுத்தாள். இன்னும் சாய்ந்தது. இன்னும் வலது கொடுத்தாள். இன்னும். குச்சி ஓரத்தில் போய் இடித்தது. இடது இறக்கையின் நுனி தரையைத் தொட்டு, விமானம் குட்டிக்கரணம் போட்டு, மூக்கைக் கருவிப்பெட்டிப் பக்கம் திருப்பிக்கொண்டு வந்தது. கொழுந்தன் வலது கையை முகத்துக்கு முன்னால் தூக்கினார்.

விசிறி இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் பதினோரு தையல். "எனக்கே தையலா?" என்று ஆஸ்பத்திரியில் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

5

நான்காம் நாள் அவர் கட்டுப் போட்ட கையோடு வந்தார். துண்டுகள் மேசையில் வரிசையாக இருந்தன. வலது இறக்கை முழுசு, வால் தனி, இடது இறக்கை நான்கு துண்டு. அட்டை காலியாக இருந்தது.

"என்னாச்சு அண்ணி? ஏன் அப்படி வந்துச்சு?"

அவளுக்கு அப்போது உண்மை தெரியாது. இதை அடிக்கோடிட்டுச் சொல்ல வேண்டும். அவளுக்கு — இல்லை. முழுசாகத் தெரியாது. குச்சியை வலப்பக்கம் தள்ளத் தள்ள விமானம் இடப்பக்கம் போனது என்பது அவள் விரலுக்குத் தெரியும். விரலுக்குத் தெரிந்ததை அவள் வாய்க்கு விடவில்லை.

இடது இறக்கையின் அடித்துண்டைக் கையில் எடுத்தாள். உள்ளே விலா எலும்பு மாதிரி நிற்கும் ஒரு சின்னப் பலகையின் ஓரத்தில் ஒட்டு பிளந்திருந்தது. அதைச் சுற்றிப் பென்சில் வட்டம். பக்கத்தில் அவருடைய சின்ன எழுத்தில்: 'மறுபடி பார்.'

"இங்கதான் விட்டிருக்கு, தம்பி."

கொழுந்தன் துண்டை இடது கையால் வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். நெடுநேரம் பார்த்தார்.

"அண்ணனா?"

அவள் பென்சில் வட்டத்தை விரலால் தொட்டுக் காட்டினாள்.

"அண்ணன் அப்படி விடமாட்டாரே அண்ணி. ஒரு பித்தான் ஓட்டை கோணலா இருந்தாக்கூட என்னைப் பிரிக்கச் சொல்லுவாரு."

"கடைசியில உடம்பு முடியாம இருந்த நேரம். மறந்திருப்பாரு."

இந்த இடத்தில் நல்ல எழுத்தாளர் ஒரு காக்கையைக் கத்தவிடுவார், அல்லது குழாயைச் சொட்டவிடுவார். எதுவும் நடக்கவில்லை. அவர் அந்தத் துண்டைப் பரப்பியிருந்த வரிசையில், எடுத்த இடத்திலேயே, ஒட்ட வைப்பதுபோல் கவனமாக வைத்தார்.

"சரி அண்ணி" என்றார்.

6

இந்தப் பகுதியில் வருபவரை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கொழுந்தனின் மனைவி, அவளுக்கு ஓரகத்தி. கதைக்கு ஒரு நெருக்கடி வேண்டும் என்பதால் அவரைக் கொஞ்சம் பொல்லாதவராக ஆக்கலாம் என்று நினைத்தேன். புருஷன் கையைக் கெடுத்துவிட்டாயே என்று கத்துபவர், வாசலிலேயே நின்று பேசுபவர். இரண்டு பக்கம் அப்படி எழுதினேன். அந்தப் பக்கங்களுக்குள் அவர் வர மறுத்துவிட்டார். உண்மையில் நடந்தது இதுதான்: ஐந்தாவது வாரம், ஒரு புதன்கிழமை, வேலை முடிந்து வந்தவள் கதவைத் திறக்கும்போது பின்னாலேயே வந்து, நேராக உள்ளே போய், கால் நீட்டி உட்கார்ந்துகொண்டார்.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதீங்க. அந்தப் பொம்மைய மறுபடி ஒட்டப் போறீங்களா?"

"தெரியல."

"ஒட்டுங்க, இல்ல அடுப்புல போடுங்க, அது உங்க பாடு. நான் வந்தது வேற. இவரு கடையில மாட்டியிருந்த அவங்க அண்ணன் போட்டோவைக் கழட்டி வச்சுட்டாரு."

அவள் கைப்பையைக் கீழே வைக்கவில்லை.

"அளவெடுக்க வர்றவங்ககிட்ட 'எங்கண்ணன் கை'ன்னு ஆரம்பிச்சாருன்னா அரை மணி நேரம் விடமாட்டாரு. வந்தவங்க பாவம், கையத் தூக்குன மேனிக்கே நிப்பாங்க. எனக்கு அப்படியே பத்திக்கிட்டு வரும். இப்ப அந்தப் பேச்சே இல்ல. அது அதைவிட எரிச்சலா இருக்கு."

"கை எப்படி இருக்கு?"

"ஆறிடுச்சு. பெருவிரல் மட்டும் கொஞ்சம் மரத்துக் கெடக்கு. ஊசி நழுவினா தெரியல. அது பரவால்ல, பழகிடும்னு டாக்டர் சொல்றாரு. இதுக்கு எந்த டாக்டர்கிட்ட போறது? ராத்திரி சோத்துல கைய வச்சுக்கிட்டு, 'தெரிஞ்சே விட்டுட்டாரே'ங்கறாரு. 'மறுபடி பார்னு எழுதி வச்சுட்டு பாக்காம விட்டுட்டாரே. என் கையில வந்து விடிஞ்சுச்சே'ங்கறாரு. செத்தவரோட சண்டை போடுற ஆள நான் இப்பதான் பாக்கறேன்."

அவள் அப்போதுதான் உட்கார்ந்தாள்.

"ஞாயித்துக்கெழம வர்றாராம், இஸ்திரிப் பெட்டியோட. நீங்க ஒட்டுனா அவரு தேய்ப்பாராம். அன்னைக்கு ஒடைஞ்ச அந்தப் போனு உங்க கருவிப்பெட்டியிலதான கெடக்கு? அந்த வீடியோவையும் பாத்துடணுமாம். அண்ணன் மேலதான் தப்புன்னு கண்ணால பாத்துட்டா மனசு ஒரு பக்கமா நிக்கும்னு சொல்றாரு." எழுந்து புடவையை உதறிக்கொண்டார். "பாக்கட்டும். ஆனா பாத்துட்டு அந்தப் போட்டோவை எறிஞ்சிடுவாரோன்னு பயமா இருக்கு, அக்கா. நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாரு."

நீங்கள் சொன்னால் கேட்பார். இதைவிட மோசமான ஒரு வாக்கியத்தை அந்தப் பெண்ணுக்கு நான் எழுதிக் கொடுத்திருக்க முடியாது. அவரே சொன்னார்.

7

வியாழக்கிழமை, அச்சகத்தில், மதிய இடைவேளை. உரக்க வாசிக்கும் கூட்டாளி சாப்பிடப் போயிருந்தாள். கண்ணாடி விரிசல் விட்டிருந்த அந்தப் போனை மேசைமேல் வைத்து, சார்ஜ் ஏறக் காத்திருந்து, வீடியோவைத் தொட்டாள். இத்தனை வாரம் ஏன் பார்க்கவில்லை என்று கேட்காதீர்கள். பார்க்காதவரை இரண்டாம் தொடக்கம் உயிரோடு இருந்தது.

பெரியவள் முழுசாக, வெயிலில் பளபளத்துக்கொண்டு நிற்கிறது. பின்னால் கொழுந்தன் வாலைப் பிடித்தபடி. அவள் முதுகு தெரிகிறது. கம்பத்துத் துணி அசையவில்லை.

நான்காம் பகுதியில் ஒரு வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேன். 'வழக்கமான சோதனை முடிந்தது.' அந்த வரியை இப்போது திருத்துகிறேன்.

"வலது" என்கிறது அவள் குரல். அரை மூச்சு. பிறகு கொஞ்சம் இழுத்து, "சரி."

"இடது." அரை மூச்சு. "சரி."

"மேல. சரி. கீழ. சரி."

இரண்டு பங்கையும் அவளே சொல்கிறாள். 'சரி' மட்டும் அவள் குரல் மாதிரி இல்லை. கொஞ்சம் தாழ்ந்து, கடைசியில் இழுத்து, அவர் சொல்வதுபோலவே இருக்கிறது. பத்து மாதமாக யாரும் அவளுக்குச் 'சரி' சொல்லவில்லை. கேட்க வேண்டும்போல் இருந்திருக்கிறது. அவ்வளவுதான். அந்த அரை மூச்சைக்கூட விட்டிருக்கிறாள். அவர் பார்ப்பதற்கான நேரம் அது. அந்த நேரத்தில் யாரும் பார்க்கவில்லை.

யாரும் என்பது தவறு. 'வலது' என்றபோது அவள் முதுகுக்குப் பின்னால் வலது காது, ஐயத்துக்கே இடமில்லாமல், கீழே இறங்குகிறது. கொழுந்தன் அந்தக் காதைப் பார்க்கிறார். அவள் முதுகைப் பார்க்கிறார். வாயைத் திறக்கிறார். அப்போது 'சரி' கேட்கிறது. வாயை மூடிக்கொள்கிறார்.

மிச்சத்தையும் பார்த்தாள். தரையைத் தொடும்வரை இடது இறக்கை முழுசாக இருக்கிறது. ஒட்டு ஒன்றும் விடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ரிமோட்டை உயிர்ப்பித்தாள். பழைய ரிமோட், எந்த விமானத்துக்கு எந்தக் குச்சி எப்படி வேலை செய்ய வேண்டும் என்பதை எண் போட்டு நினைவில் வைத்துக்கொள்ளும். குட்டிக்கு இரண்டு. பெரியவளுக்கு மூன்று. குட்டியின் காதுகளை அசைக்கும் சின்ன மோட்டார்கள் திருப்பிப் பொருத்தப்பட்டவை, அதனால் இரண்டாம் எண்ணில் காதுகளின் திசை தலைகீழ். திரையில் இரண்டு என்று இருந்தது. விபத்துக்கு முந்தின நாள் மாலை குட்டியை ஓட்டிவிட்டு அவள் மாற்றவே இல்லை. எவருக்கும் நேரக்கூடிய மறதிதான். அந்த மறதியைப் பிடிப்பதற்குத்தான் சோதனையே.

பிறகு மேசைக்குப் போய், பென்சில் வட்டம் போட்ட அந்தத் துண்டை எடுத்துத் திருப்பினாள். ஐந்து வாரம் முன்பே திருப்பியிருக்கலாம். மறுபக்கம் மெல்லிய மரப்பட்டை ஒன்று குறுக்கே ஒட்டப்பட்டிருந்தது. அதன்மேல் அதே சின்ன எழுத்து: 'பார்த்தாச்சு.'

8

இனி முடிவுகள்.

அ. அவள் வீடியோவை அழித்துவிடுகிறாள். போன் ஈரத்தில் கெட்டுவிட்டது என்கிறாள். அட்டையில் 'காரணம், ஒட்டு' என்று எழுதி, 'ஆள்' என்ற இடத்தில் இறந்தவரைப் போடுகிறாள். அவர் மறுத்துப் பேசமாட்டார். ஞாயிற்றுக்கிழமை பசை திறக்கப்படுகிறது, இஸ்திரிப் பெட்டி சூடாகிறது, பெரியவள் மறுபடி பறக்கிறது. இந்த முடிவில் விமானம் மிக நன்றாகப் பறக்கிறது. எனக்குப் பயமாக இருப்பதே அதனால்தான். கடையில் போட்டோ மாட்டியிருந்த இடத்தில் சுவர் மட்டும் கொஞ்சம் வெளுத்துத் தெரிகிறது.

ஆ. அவள் வெள்ளிக்கிழமையே போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள். கொழுந்தன் கேட்டுவிட்டு, "பரவாயில்ல அண்ணி, நீங்க வேணும்னா செஞ்சீங்க?" என்கிறார். போட்டோ ஆணிக்குத் திரும்புகிறது. இதை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் அவர் 'பரவாயில்லை' என்றுதான் சொல்கிறார். ஏன் சொல்லமாட்டார்? அவர் வசனத்தையும் நான்தானே எழுதுகிறேன். கேள்வியும் நான், 'சரி'யும் நான். மைதானத்தில் செய்ததைத்தான் காகிதத்திலும் செய்துகொண்டிருக்கிறேன்.

இ. அவள் எதையும் சொல்லாமல் துண்டுகளையெல்லாம் ஒரு பெட்டியில் கட்டி, யாருக்கும் எட்டாத ஓர் அலமாரியின்

இல்லை. இது முடிவே இல்லை.

9

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கொழுந்தன் வந்தார். இஸ்திரிப் பெட்டி இடது கக்கத்தில் இருந்தது. மேசையைப் பார்த்தார், ஆணியைப் பார்த்தார்.

"என்ன அண்ணி, எட்டாவது அட்டையைக் காணோமே?"

"எழுதிட்டேன். கவுத்து வச்சிருக்கேன்."

"அப்ப பசையத் திறக்கலாமா?"

"இருங்க. முதல்ல ஒரு வேலை இருக்கு. வாலைப் பிடிங்க."

"எதை? வாலு அந்த மூலையில கெடக்கு, உடம்பு இந்த மூலையில கெடக்கு." அன்றைக்குத்தான் அவர் கொஞ்சம் சிரித்தார். "துணியே இல்லாம பித்தான் தைக்கச் சொல்ற மாதிரி இருக்கு."

"அப்ப வலது இறக்கையைப் பிடிங்க. அதுதான் முழுசா இருக்கு."

வலது இறக்கையின் ஒயரை, ரிமோட்டின் கட்டளையை வாங்கும் சின்னப் பெட்டியில் அவள் காலையிலேயே சொருகி வைத்திருந்தாள். பேட்டரியை மாட்டினாள். இறக்கையிலிருந்த சின்ன மோட்டார் ஒருமுறை முனகி நின்றது. ரிமோட்டின் திரையில் இரண்டு என்றே இருந்தது, அவள் மாற்றவில்லை. அவர் இறக்கையின் பின்னால் குனிந்து, மரத்துப்போன பெருவிரலையும் சேர்த்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நான் 'வலது'ன்னு சொல்லுவேன். சொன்னா இந்தக் காது மேல போகணும். போகுதான்னு நீங்க பாக்கணும். பாத்துட்டு என்ன தோணுதோ அதைச் சொல்லணும். அன்னைக்கு நான் உங்களச் சொல்ல விடல."

அவர் தலை நிமிர்ந்தது. வீடியோவில் நிமிர்ந்ததுபோலவே.

"சொல்லிட்டு அந்தப் போனைப் பாருங்க. அப்பறம் அட்டையைத் திருப்புங்க. அதுக்கப்பறம் ஒட்டறதா வேண்டாமான்னு நீங்க சொல்லுங்க. இஸ்திரிப் பெட்டிய எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போறதுன்னாலும் போங்க. நான் குறுக்கப் பேசமாட்டேன்."

கவிழ்த்து வைத்த அட்டையில் இருப்பதை உங்களுக்கு மட்டும் முன்கூட்டியே காட்டிவிடுகிறேன். 'காரணம்: பார்க்காமல் சரி சொன்னது. அதன்பின், பார்க்க முடியாதவர்மேல் அதைப் போட்டது.' கீழே 'ஆள்: அவள்.' இல்லை, அதை அடித்துவிட்டேன். அடித்தது தெரிகிறது. பக்கத்தில், 'நான்.'

இதற்குப் பிறகு கொழுந்தன் என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியும். எழுதவும் வரும், தையல்காரர்கள் பேசுவதுபோலவே, ஒரு கேலியும் சேர்த்து எழுதுவேன், நீங்களும் நம்பிவிடுவீர்கள். அதனாலேயே எழுதமாட்டேன்.

பசைக் குப்பி மூடியோடு இருக்கிறது. இஸ்திரிப் பெட்டி மின்சாரத்தில் மாட்டப்படவில்லை. போன் மேசைமேல் இருக்கிறது. இறக்கை இப்போது உங்கள் கையில். பின்னால் குனிந்து, காதுக்கு நேராகக் கண்ணை வைத்துக்கொள்ளுங்கள். நான் உங்கள் பக்கம் திரும்பி நின்றுகொள்கிறேன். குச்சியைத் தள்ளிய பிறகு எத்தனை நேரம் ஆனாலும் வாயைத் திறக்கமாட்டேன். அந்த இடம் உங்களுடையது.

வலது.